வயலுக்கும் வேண்டும், வீட்டுக்கும் வேண்டும்: கெடாவின் தண்ணீரை எப்படிப் பங்கிடுவது?

நெல் வயலும் பெரிய அணைகளும் நிறைந்த கெடாவில் குழாயைத் திறந்தால் காற்று மட்டும் வருகிற வீடுகள் ஏன் இருக்கின்றன? பல்கலைக்கழக விடுதியில் வெளிமாநில நண்பர்கள் இப்படிக் கேட்டால், கெடா மாணவர்களிடமிருந்து பெரும்பாலும் மூன்று பதில்கள் வரும். ‘எல்லாத் தண்ணீரும் வயலுக்குப் போகிறது’ என்பது முதல் பதில். ‘பினாங்கு எடுத்துக்கொள்கிறது’ என்பது இரண்டாவது. ‘கூலிம் தொழிற்சாலைகள் உறிஞ்சிவிடுகின்றன’ என்பது மூன்றாவது.

மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் மூன்றுமே யாரையாவது குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப் பார்க்கின்றன. விவசாயியைத் திட்டினால் நம் வீட்டுத் தொட்டி நிறையாது. தண்ணீர் எங்கே பிறக்கிறது, யார் வழியாகப் போகிறது, எங்கே தொலைகிறது என்பதை வரிசையாகப் பார்த்தால்தான் நாம் என்ன கேட்க வேண்டும் என்பது தெளிவாகும். தோட்டங்களிலும் சிறு பட்டணங்களிலும் வாழும் நம் குடும்பங்கள் இந்தக் குழாயின் கடைசி முனையில் இருக்கின்றன. அதனால் இந்தக் கணக்கை நாமே போடத் தெரிந்திருக்க வேண்டும்.

காட்டில் பிறக்கும் நீர்

கெடாவின் கிழக்கே, தாய்லாந்து எல்லையை ஒட்டி விரிந்திருப்பது உலு மூடா காடு. சிக், பாடாங் தெராப், பாலிங் மாவட்டங்களைத் தொட்டுக் கிடக்கும் இந்த மழைக்காடு, மழையைக் குடித்துச் சிறிது சிறிதாக ஆறுகளுக்கு விடுகிறது. கெடாவின் நீரில் மிகப் பெரும் பகுதி இங்கிருந்துதான் வருகிறது. பினாங்கு தனது கச்சா நீரில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை மூடா ஆற்றிலிருந்து எடுக்கிறது. பெர்லிஸ் மாநிலத்தின் நெல் வயல்களும் இந்தக் காட்டையே நம்பியிருக்கின்றன. லங்காவித் தீவுக்குக் கூட நிலப்பகுதியிலிருந்து கடலடிக் குழாய் வழியாகத்தான் குடிநீர் போகிறது.

இந்த நீரை நெல்லுக்குக் கொண்டுபோகும் வேலை பழையது. கெடா மந்திரி புசாராக இருந்த வான் முகமது சமான் 1885-இல் தொடங்கிய வாய்க்கால், அலோர் ஸ்டாரிலிருந்து குரூண் வரை ஏறத்தாழ 35 கிலோமீட்டர் நீளத்துக்கு வெட்டப்பட்டது. சதுப்பு நிலம் வயலானது. அதற்கு எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு மூடா நீர்ப்பாசனத் திட்டம் வந்தது. உலக வங்கிக் கடனுதவியுடன் 1966 முதல் 1970 வரை கட்டப்பட்ட அந்தத் திட்டம்தான் இன்றைய சிக்கலைப் புரிந்துகொள்ளத் திறவுகோல்.

அதில் ஒரு பொறியியல் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. மூடா அணைக்கு நீர்ப்பிடிப்புப் பகுதி பெரிது. ஏறத்தாழ ஆயிரம் சதுர கிலோமீட்டர். ஆனால் நீரைத் தேக்கி வைக்க அங்கே இடம் குறைவு. பெடு அணைக்கு நீர்ப்பிடிப்புப் பகுதி சிறிது. ஆனால் அதன் ஏரி மிகப் பெரியது, நூறு கோடி கன மீட்டருக்கு மேல் கொள்ளும். எனவே மலையைக் குடைந்து, ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் நீளத்துக்குச் சையோங் சுரங்கத்தை அமைத்து, மூடா அணையின் நீரைப் பெடு ஏரிக்குத் திருப்பினார்கள். அங்கிருந்து அது வடமேற்குச் சமவெளிக்குப் போகிறது. 1970-இல் மூடா வேளாண் மேம்பாட்டு வாரியம், அதாவது மாடா, அமைக்கப்பட்டது. ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் விளைந்த நிலம் இருபோகம் விளையத் தொடங்கியது. பின்னர் 1980-களின் இறுதியில் அனிங் அணையும் சேர்ந்துகொண்டது.

மூடா ஆற்றின் வடிநிலம் மொத்தம் நான்காயிரம் சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கில் பெய்யும் மழை, ஆற்றின் வழியே கீழே சுங்கை பட்டாணிப் பக்கம் வராமல், சுரங்கத்தின் வழியே வடக்கே நெல்லுக்குத் திரும்புகிறது. அப்படியானால் மூடா ஆற்றின் கீழ்ப்பகுதியை நம்பியிருக்கும் பட்டணங்களுக்கு என்ன வழி? அதற்காகத்தான் சிக் மாவட்டத்தில் பெரிஸ் அணை கட்டப்பட்டு 2004-இல் முடிந்தது. வறண்ட மாதங்களில் அது நீரைத் திறந்துவிட்டு ஆற்றைத் தாங்கிப் பிடிக்கிறது.

ஆக, வயலுக்கும் வீட்டுக்கும் இடையிலான போட்டி வெறும் பேச்சல்ல. அது மலையடியில் ஒரு சுரங்கமாகவே இருக்கிறது. வடக்கே அலோர் ஸ்டார் வட்டாரத்தில் போட்டி இன்னும் நெருக்கமானது. அங்கே வயலுக்கு ஓடும் அதே ஆற்று, வாய்க்கால் அமைப்பிலிருந்துதான் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களும் நீர் எடுக்கின்றன.

வயலின் கணக்கு

ஓர் எக்டர் வயலில் பத்து சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் நிற்க வேண்டுமென்றால் எவ்வளவு நீர் தேவை? எஸ்.பி.எம். கணிதமே போதும். ஓர் எக்டர் பத்தாயிரம் சதுர மீட்டர், அதை 0.1 மீட்டரால் பெருக்கினால் ஆயிரம் கன மீட்டர், அதாவது பத்து லட்சம் லிட்டர். ஒருவர் நாளொன்றுக்கு 200 லிட்டர் பயன்படுத்துகிறார் என்று வைத்துக்கொண்டால், ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு அந்த நீர் ஆயிரம் நாள் வரும். ஏறத்தாழ இரண்டே முக்கால் ஆண்டு! மாடா பகுதியில் நெல் வயல் ஏறத்தாழ ஒரு லட்சம் எக்டர். ஒரு பருவத்தில் வயலில் நீர் ஒருமுறை மட்டும் கட்டப்படுவதில்லை. ஒரு கிலோ நெல் விளைய மழையும் பாசனமும் சேர்த்துச் சராசரியாக 2,500 லிட்டர் தேவை என்று பிலிப்பைன்ஸில் உள்ள அனைத்துலக நெல் ஆராய்ச்சிக் கழகம் கணக்கிட்டிருக்கிறது.

இந்த எண்களைப் பார்த்ததும், ‘நெல்லைக் குறைத்துவிட்டு அரிசியை இறக்குமதி செய்தால் என்ன?’ என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்விக்கு 2023 பதில் சொல்லிவிட்டது. அவ்வாண்டு ஜூலை 20-ஆம் நாள் இந்தியா, பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. செப்டம்பர் முதல் நாள் நம் நாட்டில் இறக்குமதி வெள்ளை அரிசியின் விலை டன்னுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ரிங்கிட்டுக்கு ஏறியது. விலைக் கட்டுப்பாட்டில் இருந்த உள்நாட்டு அரிசி கடை அலமாரிகளிலிருந்து காணாமல் போனது. பத்து கிலோ மூட்டைக்காக அம்மாக்கள் கடை கடையாக ஏறி இறங்கியது நமக்கு நினைவிருக்கும். நாட்டின் நெல் விளைச்சலில் ஏறத்தாழ 40 விழுக்காடு மாடா பகுதியிலிருந்து வருகிறது. கெடா வயல் காய்ந்தால் அந்தச் சூடு கோலாலம்பூர் சமையலறை வரை போகும்.

விவசாயிகளை நீர்க் கொள்ளைக்காரர்களாகப் பார்ப்பதும் நியாயமில்லை. மாடா பகுதியில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட விவசாயக் குடும்பங்கள் இருக்கின்றன. பெரும்பாலோரிடம் இருப்பது சிறு நிலம். அவர்களின் வயலுக்குப் போகும் நீரில் ஏறத்தாழ பாதி நேராக வானத்திலிருந்து விழும் மழை. அணைகளிலிருந்து வருவது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மீதி, கட்டுப்படுத்தப்படாத ஆற்று நீரும் வடிகாலிலிருந்து திரும்ப இறைக்கப்படும் நீரும். அணை வற்றினால் முதலில் அடிபடுவதும் அவர்களே. 1978-இல் வறட்சியால் இரண்டாம் போகச் சாகுபடியே கைவிடப்பட்டது. அந்த ஆண்டுகளில் மூடா சமவெளியில் தங்கி ஆய்வு செய்த ஜேம்ஸ் ஸ்காட் என்ற அமெரிக்க அறிஞர், ஏழைக் குடியானவர்களின் வாழ்வை 1985-இல் நூலாக எழுதினார். உலகெங்கும் சமூகவியல் மாணவர்கள் இன்றும் படிக்கும் அந்த நூல் நம் கெடாவின் ஒரு கிராமத்தைப் பற்றியது.

வீட்டின் கணக்கு

வயலோடு ஒப்பிட்டால் வீட்டுக்குத் தேவையான நீர் மிகக் குறைவு. ஆனால் அது சுத்தமாக இருக்க வேண்டும், தினமும் வர வேண்டும், ஒரு நாள் கூடத் தள்ளிப்போடக் கூடாது. நெல் ஓரிரு வாரம் பொறுக்கும். பால் குடிக்கும் குழந்தையும் சிறுநீரகச் சுத்திகரிப்புச் சிகிச்சை பெறும் தாத்தாவும் பொறுக்க மாட்டார்கள்.

அப்படியென்றால் குறைவான அந்த நீர்கூட ஏன் ஒழுங்காக வருவதில்லை? இங்கேதான் நாம் அதிகம் பேசாத ஒரு சொல் வருகிறது: கட்டணம் வராத நீர். ஆற்றிலிருந்து எடுத்து, மருந்து கலந்து, வடிகட்டி, மின்சாரம் செலவழித்துக் குழாயில் அனுப்பிய பிறகு, எந்த மீட்டரிலும் பதிவாகாமல் போகும் நீரை இப்படிச் சொல்கிறார்கள். பழைய குழாய்களின் வெடிப்பு, திருட்டு இணைப்பு, சரியாக ஓடாத மீட்டர் எல்லாம் இதில் அடங்கும். பினாங்கில் இது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. கெடாவில் ஏறத்தாழ பாதி!

மேலோட்டமாக ஒரு கணக்குப் போடுவோம். கெடாவில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,300 மில்லியன் லிட்டர் நீர் சுத்திகரிக்கப்படுகிறது. அதில் பாதி 650 மில்லியன் லிட்டர். ஒருவருக்கு 200 லிட்டர் வீதம் அது 32 லட்சம் பேருக்குப் போதும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கெடாவின் மக்கள்தொகை ஏறத்தாழ 21 லட்சம். மாநிலத்திலுள்ள அத்தனை பேருக்கும் கொடுத்து மீதமாகும் அளவு நீர், கணக்கில் வராமலே போய்க்கொண்டிருக்கிறது. அது முழுவதும் மண்ணுக்குள் கசிகிறது என்று சொல்ல முடியாது. ஒரு பகுதி யாரோ பயன்படுத்திய நீர்தான். ஆனாலும் அதில் பாதியை மீட்டால்கூடப் பல தாமான்களின் உலர்ந்த குழாய்களில் நீர் ஓடும்.

பிறகு ஏன் பழைய குழாய்களை மாற்றவில்லை? பணம் இல்லை என்பது வழக்கமான பதில். பாதி நீருக்கு வருமானமே வராத நிறுவனத்திடம் பணம் எப்படிச் சேரும்? பணம் இல்லாததால் குழாய் மாறாது. குழாய் மாறாததால் பணம் வராது. 2024 பிப்ரவரியில் தீபகற்பத்திலும் லாபுவானிலும் வீட்டு நீர்க்கட்டணம் கன மீட்டருக்குச் சராசரியாக 22 சென் உயர்த்தப்பட்டது. பலர் முணுமுணுத்தார்கள். உயர்த்தியதைத் தவறென்று சொல்ல முடியாது. ஆனால் கூடுதலாகக் கொடுக்கும் ஒவ்வொரு சென்னும் எத்தனை கிலோமீட்டர் குழாயாக மாறியது என்று கேட்க மக்களுக்கு முழு உரிமை உண்டு.

குழாயின் கடைசி முனை

சுங்கை பட்டாணி, பீடோங், கோல கெட்டில், கூலிம், பாடாங் செராய், லூனாஸ் என்று நம்மவர் அதிகம் வாழும் இடங்கள் பெரும்பாலும் ரப்பர்த் தோட்டங்களைச் சுற்றி வளர்ந்தவை. என் பாட்டியின் காலத்தில் லயத்துக்கு ஒரு பொதுக் குழாய். பால்மரம் வெட்டப் போகும் முன், விடியற்காலை இருட்டில் வாளிகளை வரிசையில் வைத்துவிட்டுப் போவார்களாம். அந்த வரிசையில் சண்டை வந்தால் கங்காணி வந்துதான் தீர்ப்பாராம். இன்று பெரும்பாலான வீடுகளுக்குள் குழாய் வந்துவிட்டது. ஆனால் சிக்கலின் உருவம் மாறியிருக்கிறதே தவிர, சிக்கல் போகவில்லை.

தோட்டத் தொழிலாளர் வீடமைப்பு, அடிப்படை வசதிகள் பற்றிய 1990-ஆம் ஆண்டின் 446-ஆவது சட்டம், தொழிலாளர் குடியிருப்பின் ஒவ்வொரு வீட்டுக்கும் போதிய குழாய் நீரை இலவசமாகக் கொடுப்பது முதலாளியின் கடமை என்கிறது. நம் மாணவர்களில் எத்தனை பேருக்கு இந்தச் சட்டத்தின் எண்ணாவது தெரியும்? தெரிந்திருந்தால் பல தோட்டங்களில் பேச்சின் தொனியே மாறியிருக்கும்.

அந்தச் சட்டம் எட்டாத இடங்களும் இருக்கின்றன. பல தோட்டங்களில் சாலையோரத்தில் ஒரே பெரிய மீட்டர்தான் இருக்கும். அதற்கு உள்ளே ஓடும் குழாய் தோட்டத்துக்குச் சொந்தம். ரப்பர் செம்பனையாகி, செம்பனை நிலம் வீடமைப்புத் திட்டமாகி, தோட்டம் கைமாறி, பழைய தொழிலாளர்கள் லயத்திலேயே தங்கிவிட்டால், அந்த உள்குழாய் யாருடைய பொறுப்பு? நீர் நிறுவனம் மீட்டருக்கு வெளியே நின்றுவிடும். புதிய உரிமையாளர், ‘இவர்கள் என் தொழிலாளர்கள் இல்லையே’ என்பார். நடுவில் நிற்பது ஓய்வுபெற்ற ஒரு பாட்டியும் ஒரு வாளியும்.

தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்தவர்களில் பலர் மலிவுவிலை அடுக்குமாடிகளில் குடியேறினார்கள். அழுத்தம் குறையும்போது மேல்மாடிக்குத்தான் முதலில் நீர் நிற்கும். மேட்டில் இருக்கும் வீடு, குழாயின் கடைசியில் இருக்கும் வீடு, தொட்டி வைக்க இடமில்லாத வீடு ஆகியவை வறட்சி வருவதற்கு முன்பே வறட்சியில் வாழ்கின்றன. வசதியுள்ளவர் இரண்டு தொட்டியும் பம்பும் வைத்துக்கொள்வார். இல்லாதவர் தண்ணீர் லோரிக்காகக் காத்திருப்பார். அந்தக் காத்திருப்பு பெரும்பாலும் பெண்களின் தலையில் விழுகிறது. வாளி தூக்கிவிட்டு அதே கையோடு எஸ்.பி.எம். தேர்வு எழுதப் போகும் மாணவியின் நிலைமையை எந்த நீர்க் கணக்கும் பதிவு செய்வதில்லை.

அண்டை வீட்டுக்காரர்

இனி பினாங்கு. மூடா ஆறு கடலில் கலக்குமுன் கெடாவுக்கும் பினாங்குக்கும் எல்லையாக ஓடுகிறது. பினாங்கு அதிலிருந்து நீர் எடுத்துச் சுங்கை டுவா நிலையத்தில் சுத்திகரிக்கிறது. கச்சா நீருக்காக ஆண்டுக்கு 50 மில்லியன் ரிங்கிட் தர வேண்டும் என்று கெடா அரசு பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறது. எல்லை ஆற்றில் தன் கரையில் ஓடும் நீரை எடுப்பது தன் உரிமை என்று பினாங்கு மறுத்து வருகிறது.

இரு பக்கமும் நியாயம் உண்டு. காட்டை வெட்டாமல் காப்பதால் கெடாவுக்கு மர வருமானம் போகிறது. அந்தக் காட்டின் பயன் கீழே உள்ளவர்களுக்கும் போகிறது. மறுபக்கம், இயற்கையாக ஓடிவரும் ஆற்றுக்கு விலைச்சீட்டு ஒட்டினால் அது எங்கே போய் முடியும் என்ற கேள்வியும் சரியே. 2005-இல் அரசியலமைப்புச் சட்டம் திருத்தப்பட்டு, நீர் விநியோகச் சேவை கூட்டரசும் மாநிலமும் பகிரும் பட்டியலுக்கு மாற்றப்பட்டது. ஆனால் ஆறும் காடும் இன்னும் மாநிலங்களின் கையிலேயே இருக்கின்றன. மாநில எல்லை எங்கே என்று ஆற்றுக்குத் தெரியாது. சட்டத்துக்கு அது மட்டும்தான் தெரியும்.

இந்த வழக்கு எப்படிப் போகக்கூடாது என்பதற்கு நம் மூதாதையர் மண்ணிலேயே பாடம் இருக்கிறது. காவிரி நீருக்கு 1924-இல் ஒப்பந்தம். 1990-இல் நடுவர் மன்றம். 2007-இல் இறுதித் தீர்ப்பு. 2018 பிப்ரவரி 16-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பில் தமிழ்நாட்டின் பங்கு 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 டி.எம்.சி.யாகக் குறைந்தது. கர்நாடகத்துக்குக் கூடுதலாகக் கிடைத்ததில் 4.75 டி.எம்.சி. பெங்களூரு நகரின் குடிநீருக்காக. நீதிமன்றமே வயலையும் வீட்டையும் தராசில் வைக்க வேண்டியதாயிற்று. இடைப்பட்ட ஆண்டுகளில் எத்தனை போராட்டம், எத்தனை கலவரம்!

வேறு வழியும் உண்டு. 2018-இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரம் வறட்சியின் விளிம்பில் நின்றபோது, நகர மக்கள் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டருக்குள் வாழ வேண்டும் என்று கட்டுப்பாடு வந்தது. அப்போது குரூன்லாந்து விவசாயிகளின் நீர்ப் பயனாளர் சங்கம், தான் சேமித்து வைத்திருந்த ஒரு கோடி கன மீட்டர் நீரை நகரத்துக்கு விட்டுக்கொடுத்தது. நகரமும் தன் பங்குக்குச் சிக்கனமாக இருந்ததால்தான் அந்த விட்டுக்கொடுத்தலுக்கு மதிப்பு இருந்தது.

என்ன செய்யலாம்?

முதலாவதாக, வறட்சி வருமுன்பே விதி வேண்டும். கெடாவில் ஜனவரி முதல் மார்ச் வரை வறண்ட காலம் என்பது புதிய செய்தி இல்லை. 2016 எல் நினோ வெப்பத்தில் கெடாவிலும் பெர்லிஸிலும் பள்ளிகளையே மூட நேர்ந்தது. அணை நீர் எந்த மட்டத்துக்கு இறங்கினால் யாருக்கு எவ்வளவு குறைக்கப்படும் என்பதை முன்கூட்டியே எழுதி மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். குடிக்க, சமைக்க, குளிக்க வேண்டிய நீர் முதலில், அடுத்தது நெல், தொழிற்சாலையின் கூடுதல் தேவை அதற்கும் பிறகு. பொது நன்மைக்காக ஒரு போகத்தை விட்டுக்கொடுக்கும் விவசாயிக்கு அந்தப் பருவத்துக்கான இழப்பீடு உடனே கிடைக்க வேண்டும். இழப்பீடு இல்லாத முன்னுரிமை, ஏழையிடமிருந்து பிடுங்கி இன்னோர் ஏழைக்குக் கொடுப்பதாகவே முடியும்.

இரண்டாவதாக, குழாய்களை மாற்ற வேண்டும். புதிய அணை கட்டினால் ரிப்பன் வெட்டலாம், படம் எடுக்கலாம். மண்ணுக்குள் மாற்றிய குழாயை யாரும் படம் எடுப்பதில்லை. ஆனால் மலிவான அணை என்பது அடைத்த ஓட்டைதான். கூட்டரசு அரசாங்கம் கொடுக்கும் உதவித் தொகை, நீர் இழப்பு ஆண்டுதோறும் எத்தனை விழுக்காடு இறங்கியது என்பதோடு கட்டப்பட வேண்டும்.

மூன்றாவதாக, வயலில் சிக்கனம். எப்போதும் நீரைக் கட்டி வைக்காமல், மண்ணுக்குள் துளையிட்ட குழாயை நட்டு, நீர்மட்டம் 15 சென்டிமீட்டர் கீழே இறங்கிய பிறகு மீண்டும் பாய்ச்சும் முறையை அனைத்துலக நெல் ஆராய்ச்சிக் கழகம் பரப்பி வருகிறது. இதனால் விளைச்சல் குறையாமல் பாசன நீரில் 30 விழுக்காடு வரை மிச்சப்படுத்தலாம். உலர்ந்த மண்ணிலேயே விதைக்கும் முறையும், வடிகால் நீரைத் திரும்ப இறைப்பதும் மாடா பகுதிக்குத் தெரிந்தவையே. ஒரு லட்சம் எக்டரிலும் ஒரு பருவத்துக்குப் பத்து சென்டிமீட்டர் நீரை மிச்சப்படுத்தினால் பத்து கோடி கன மீட்டர் ஆகிறது. மாநிலம் முழுவதும் 77 நாள்களுக்குச் சுத்திகரிக்கும் நீரின் அளவு அது! மிச்சப்படுத்துவது அவ்வளவு எளிதில்லை. அதற்கு நிலம் சமமாக இருக்க வேண்டும். வாய்க்கால் வயலுக்கு அருகில் வர வேண்டும். களை கூடினால் செலவு ஏறும். அந்தச் செலவை விவசாயி மட்டும் சுமக்கக் கூடாது. மிச்சமாகும் நீரால் பயனடைபவரும் பங்கு கொடுக்க வேண்டும்.

நான்காவதாக, காட்டுக்குக் கூலி. உலு மூடாவில் வெட்டும் ஒவ்வொரு மரமும் நாளை அணையில் படியும் வண்டல். காட்டைக் காக்கும் மாநிலங்களுக்கு நிதி கொடுக்கும் திட்டம் 2019 வரவு செலவுத் திட்டத்தில் 60 மில்லியன் ரிங்கிட்டோடு தொடங்கியது. பின்னர் அந்தத் தொகை உயர்ந்தது. கெடா கேட்கும் பணத்தை, பினாங்கு மட்டும் கொடுக்கும் தண்ணீர் விலையாகப் பார்க்காமல், நாடே கொடுக்கும் காட்டுக் காவல் கூலியாகப் பார்த்தால் சண்டை பாதி குறையும். அந்தப் பணமும் மாநிலத்தின் பொதுப் பணப்பெட்டியில் கரைந்துவிடாமல் காட்டுக்கும் குழாய்க்கும் போக வேண்டும்.

ஐந்தாவதாக, தோட்டத்து உள்குழாய். தோட்ட நிலம் கைமாறும்போதும் நிலப் பயன்பாடு மாறும்போதும், அங்கே குடியிருப்போருக்குத் தனி மீட்டரும் நேரடி இணைப்பும் கொடுப்பதை மாநில அரசு ஒப்புதல் நிபந்தனையாக்க வேண்டும். இதற்குப் புதிய அணையும் வேண்டாம், புதிய தொழில்நுட்பமும் வேண்டாம். ஒரு நிபந்தனை வரி போதும்.

கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996-இல் திறக்கப்பட்டது. அங்கே மின்னணுச் சில்லு செய்யும் ஆலைகளுக்கு மிகத் தூய்மையான நீர் ஏராளமாக வேண்டும். நம்மில் பலர் பட்டம் பெற்று வேலை தேடிப் போகப்போவதும் அங்கேதான். ஆகவே தொழிற்சாலை வேண்டாம் என்று சொல்வது நம் வயிற்றிலேயே அடித்துக்கொள்வது. ஆனால் பயன்படுத்திய நீரைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் வசதி அவர்களிடம் இருக்கிறது. நெல் விவசாயியிடமோ மேல்மாடிக் குடும்பத்திடமோ இல்லை. முடிந்தவரிடம் அதிகம் கேட்பதுதான் முறை.

மாணவர் கையில் இருப்பது

‘குழாயை மூடுங்கள், தண்ணீரைச் சேமியுங்கள்’ என்ற சுவரொட்டிகளைத் தமிழ்ப்பள்ளியில் இருந்தே வரைந்து வருகிறோம். பல் துலக்கும்போது குழாயை மூடுவது நல்லதுதான். ஆனால் மாநிலத்தின் குடிநீரில் பாதி கணக்கில் வராமல் போகும்போது, பொறுப்பை எல்லாம் மாணவனின் பல் துலக்கும் குவளையில் ஏற்றுவது சரியாகாது. நாம் செய்யக்கூடிய பெரிய வேலைகள் இருக்கின்றன.

உங்கள் தோட்டத்திலோ தாமானிலோ நீர் எந்த நாள், எந்த நேரம் நின்றது, எப்போது வந்தது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். இருபது வீடுகளில் மூன்று மாதம் எழுதினால் அது புகார் என்ற நிலையைத் தாண்டிச் சான்றாகிவிடும். நீர் நிறுவனத்திடமும், அங்கே பதில் வராவிட்டால் தேசிய நீர்ச் சேவை ஆணையமான ஸ்பானிடமும் கொடுக்கலாம். வீட்டில் பெரியவர்களுக்கு மலாயில் கடிதம் எழுதத் தயக்கம் இருக்கலாம். ஆறு ஆண்டு தமிழ்ப்பள்ளியிலும் ஐந்து ஆண்டு தேசிய இடைநிலைப்பள்ளியிலும் படித்த நமக்கு அந்தத் தயக்கம் தேவையில்லை. இருமொழிக் கல்வி தேர்வுத் தாளுக்கு மட்டும் பயன்பட்டால் போதாது.

படிவம் ஆறு புவியியல் மாணவர்கள் தங்கள் களப்பணிக்கு உலு மூடாவையும் பெரிஸ் அணையையும் எடுத்துக்கொள்ளலாம். பொறியியல் படிப்பவர்கள் நீர்க் கசிவைக் கண்டறிவதை இறுதியாண்டுத் திட்டமாக்கலாம். சட்டம் படிப்பவர்கள் 446-ஆவது சட்டத்தைத் தமிழில் இரண்டு பக்கத்தில் எழுதித் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் விநியோகிக்கலாம். மழைநீர்த் தொட்டி வைக்காத தமிழ்ப்பள்ளிகளில் முன்னாள் மாணவர் சங்கங்கள் ஒரு தொட்டியாவது வைக்கலாம். கழிவறைக்கும் பூச்செடிக்கும் அந்த நீர் போதும்.

இன்னொன்றும் உண்டு. மாடா சமவெளியின் மலாய் விவசாயி வீட்டுப் பிள்ளையும், கோல கெட்டில் தோட்டத்துப் பிள்ளையும், பட்டர்வொர்த் அடுக்குமாடியின் சீனர் வீட்டுப் பிள்ளையும் ஒரே பல்கலைக்கழக விரிவுரை அரங்கில் பக்கத்துப் பக்கத்தில் உட்காருகிறார்கள். மூவரும் குடித்து வளர்ந்தது உலு மூடாவின் நீர். மாநில அரசுகள் பேச மறுப்பதை இந்த மூவர் பேச முடியும். அடுத்த முறை விடுதியில் யாராவது ‘எல்லாத் தண்ணீரும் வயலுக்குப் போகிறது’ என்று சொன்னால், அவரிடம் சையோங் சுரங்கத்தைப் பற்றியும் கணக்கில் வராத 650 மில்லியன் லிட்டரைப் பற்றியும் சொல்லுங்கள். உங்கள் வட்டாரச் சட்டமன்ற உறுப்பினர் அடுத்த முறை தமிழ்ப்பள்ளி விழாவுக்கு வரும்போது, எங்கள் பகுதியில் இந்த ஆண்டு எத்தனை கிலோமீட்டர் குழாய் மாற்றினீர்கள் என்று அவரிடமும் கேளுங்கள்.